ஓரத்து லேனில் ஒரு சாதனை

நீச்சல் அரங்கத்துக்குள் கால் வைத்ததுமே ரேடியோ தும்மினான்.

"குளோரின்" என்றாள் பாஸ்.

"எல்லாரும் அப்படித்தான் நினைச்சுக்கறாங்க. வெறும் குளோரினுக்கு இவ்வளவு வாசம் கிடையாது பாஸ். அது வேர்வையோடயும் இன்னொரு சமாச்சாரத்தோடயும் சேரும்போதுதான் இப்படி மூக்கைத் துளைக்கும். அந்த இன்னொரு சமாச்சாரம் என்னன்னு சாப்பாட்டுக்கு முன்னாடி சொல்ல வேண்டாம்னு பார்க்கறேன்."

"பின்னாடியும் சொல்ல வேண்டாம்."

வாய் ஓயாதவன் என்பதால்தான் அவனுக்கு ரேடியோ என்று பெயர். அவர்களுடைய துப்பறியும் நிறுவனத்தில் மொத்தமே இரண்டு பேர்தான். பாஸ் யோசிப்பாள், அவன் பேசுவான். வேலைப் பங்கீடு இதுவரை ஒழுங்காகவே நடந்துவந்தது. ஆனால் இன்றைக்குப் பாஸ் ஒரு இடத்தில் நிற்கவில்லை. வாசலில் வாங்கின காபியைக் குடிக்காமலேயே கீழே வைத்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பார்வையாளர் படிகளில் நாலு ஏறி, ஏன் ஏறினோம் என்று தெரியாதவள்போல இறங்கினாள். அவளைப் பார்த்துப் பார்த்து ரேடியோவுக்கும் கால் பரபரத்தது. ஈரத்தரையில் செருப்போடு நடக்கக் கூடாது என்று வாசலில் சொல்லிவிட்டதால், தன் ரப்பர் செருப்பு இரண்டையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவள் பின்னாலேயே அலைந்தான்.

காரணம் இல்லாமல் இல்லை. சாயந்தரம் இறுதிப்போட்டி. அதற்குள் ஒரு பெண்ணின் மானத்தை மீட்டாக வேண்டும்.

அவர்களைக் கூப்பிட்டது அந்தப் பெண்ணின் அக்கா. மருந்துக்கடையில் வேலை. கடை உடுப்பைக்கூட மாற்றாமல் ஓடி வந்திருந்தாள். உடை மாற்றும் அறைக்கு வெளியே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, தங்கையின் துண்டைப் பிழிந்துகொண்டிருந்தாள். அதில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட மிச்சமில்லை.

"ஐம்பது மீட்டர் பந்தயங்க. இந்தக் கோடியில குதிச்சா அந்தக் கோடியில முடிஞ்சுது. நாங்க தகுதிச் சுத்துல கடைசி எடம் வராம இருந்தா போதும்னுதான் நினைச்சோம். இவ மாநில சாதனையையே உடைச்சிட்டா. கொஞ்சநஞ்சம் இல்லீங்க, அரை நொடிக்கு மேல."

"யாரு புகார் குடுத்தது?"

அக்கா முகவாயால் எதிர்ப்பக்கம் காட்டினாள். குளத்தின் மறுகரையில் ஒரு ஆள், கழுத்தில் பளபளக்கும் விசிலோடு, குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தார். போன வருட சாம்பியனின் அப்பா. பயிற்சியாளரும் அவரே. அந்த ஊர் நீச்சல்காரர்கள் எல்லாருக்கும் அவர் விசில் சார். மகளுக்குப் பத்திரிகைகள் வைத்த பெயர் சுறா.

"சுறா அதே சுத்துலதான் நீந்தினா. எப்பவும் வர்ற நேரத்தைவிட ரொம்ப மெதுவா வந்தா. உடனே இவர் ஓடிப் போய், 'அந்தப் பொண்ணு ஊசி போட்டுட்டு வந்திருக்கா, அவ அக்கா மருந்துக்கடையில வேலை பார்க்கறா, வேற என்ன சாட்சி வேணும்'னு நடுவர்கிட்ட கத்திட்டாரு. எல்லாருக்கும் கேட்டுது." அக்கா துண்டை மறுபடி முறுக்கினாள். "அந்தக் கடையில ஒரு தலைவலி மாத்திரைகூட நான் சீட்டில்லாம எடுத்ததில்லைங்க."

"சோதனைக்குக் குடுத்துட்டீங்களா?"

"குடுத்தாச்சு. முடிவு வர வாரக்கணக்காகுமாம். அதுவரைக்கும் நீந்தக் கூடாதுன்னுட்டாங்க. சாயந்தரத்துக்குள்ள வேற விளக்கம் இருந்தா கொண்டு வாங்கன்னு நடுவரம்மா சொன்னாங்க. அவங்களும் என்ன பண்ணுவாங்க?"

தங்கைக்காரி சுவரோரமாக நின்றிருந்தாள். பதினெட்டு வயசு இருக்கலாம். தோளை முன்னும் பின்னும் சுழற்றியபடி இருந்தாள், இப்போதே யாராவது பெயர் சொல்லிக் கூப்பிடப் போகிறார்கள் என்பதுபோல.

"நீ சொல்லு" என்றாள் பாஸ். "நீந்தும்போது எப்படி இருந்துது?"

"சுலபமா இருந்துதுக்கா. யாரோ முதுகுல கை வெச்ச மாதிரி. எனக்கே பயமா இருந்துது."

எதிர்க்கரையிலிருந்து விசில் சார் அவர்களைப் பார்த்துவிட்டார். சுற்றிக்கொண்டு வந்தார், வந்த வேகத்தில் தரையில் வழுக்கப் பார்த்தார்.

"துப்பறியறவங்களா? நல்லா துப்பறியுங்க. தண்ணிக்குள்ள வேகம் ஒரே நாள்ல வராது மேடம். நான் குளத்துல இறங்கிப் பதினஞ்சு வருஷமாச்சு, இடுப்பு விட்டுப்போச்சு. ஆனா கரையில நின்னே சொல்லுவேன், எது உழைச்ச கை, எது ஊசி போட்ட கைன்னு." அப்போது தண்ணீர் ஓரமாக ஓடிய இரண்டு சிறுமிகளைப் பார்த்து விசிலை வாயில் வைத்து ஊதினார். சளி பிடித்த கோழி கேவுவதுபோல ஒரு சத்தம் வந்தது. சிறுமிகள் சிரித்துக்கொண்டே ஓடினார்கள். அவர் விசிலை உதறிக்கொண்டு போய்விட்டார்.

"பேரு விசில், வர்றது இருமல்" என்றான் ரேடியோ.

பாஸ் காதில் வாங்கவில்லை. குளத்தின் ஓரமாக நடக்க ஆரம்பித்திருந்தாள். மதிய இடைவேளை என்பதால் தண்ணீரில் ஆளில்லை. லேன்களைப் பிரிக்கும் மிதவைக் கயிறுகள் நீளமாகக் கிடந்தன. எட்டாவது லேன் சுவரை ஒட்டி, அதில்தான் தங்கை நீந்தினாள். குதிக்கும் மேடைக்குப் பக்கத்தில் நின்று பாஸ் எட்டிப் பார்த்தாள்.

"என்ன தேடறீங்க பாஸ்? தண்ணியில கைரேகை நிக்காது. கடல்குதிரைன்னு ஒண்ணு இருக்கே, அது மீன்தான், ஆனா நீச்சல்ல கடைசி ரேங்க். நீங்களும் நானும் அந்த ஜாதி. உள்ள விழுந்தா நம்மளைத் துப்பறிய வேற ஆள் வரணும்." பேச்சு ஜோரில் கையை வீசினான். கக்கத்திலிருந்த செருப்பில் ஒன்று நழுவி, தொப்பென்று தண்ணீரில் விழுந்தது.

"ஐயோ!" மண்டியிட்டுக் கையை நீட்டினான். எட்டவில்லை. இன்னும் கொஞ்சம் குனிந்தான். செருப்பு இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. அவன் கரையோரமாகத் தவழ்ந்தான். அது அவனுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது, அவசர வேலை இருப்பதுபோல.

"நில்லு" என்றாள் பாஸ்.

"அதைச் செருப்புகிட்ட சொல்லுங்க!"

"உன்னைத்தான். தொடாதே. பாரு."

ஆளில்லாத குளம். காற்று வர ஒரு ஜன்னல்கூடத் திறந்திருக்கவில்லை. ஆனாலும் அந்தச் செருப்பு எட்டாவது லேனில், முடிகிற கோடியை நோக்கி, யாரோ நூல் கட்டி இழுப்பதுபோலப் போய்க்கொண்டே இருந்தது.

"பாஸ், என் செருப்பு தகுதிச் சுத்துல தேறிடும்போல" என்றான் ரேடியோ மெதுவாக.

பாஸ் கையை நீட்டினாள். "இன்னொண்ணு குடு."

"பாஸ், அது ஜோடி..."

பிடுங்கிக்கொண்டு எதிர்க்கரைக்கு நடந்தாள், பாதி ஓட்டமாக. ஒன்றாவது லேனின் நடுவில் அதை வீசினாள். அது ஒரு கணம் தயங்கிச் சுழன்றது. பிறகு நேர் எதிர்த் திசையில், குதிக்கும் கோடியைப் பார்த்து நகர ஆரம்பித்தது.

"ஒரு பக்கம் போகுது, இன்னொரு பக்கம் வருது" என்றாள் பாஸ். அவள் குரல் மாறியிருந்தது. "தண்ணி சுத்துது ரேடியோ. கரண்டியால கலக்கின டம்ளர் மாதிரி. எட்டாவது லேன்ல நீந்தினா தண்ணியே தள்ளிவிடும். ஒண்ணாவது லேன்ல நீந்தினா மூஞ்சியில எதிர்த்து வரும். நடு லேன்ல எப்படின்னு பார்க்கணும், இன்னொரு செருப்பு..."

"பாஸ், எனக்கு ரெண்டு கால்தான்."

மோட்டார் அறை குளத்துக்குக் கீழே இருந்தது. அங்கே இருந்த ஆபரேட்டர் போனில் படம் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்க அவருக்கு நேரமானது.

"போட்டி நாள்ல ஒரு மோட்டார்தான் ஓடும். இன்னிக்கு ரெண்டு ஓடுது. ஆபீஸ்லேர்ந்து போன் வந்துது, தண்ணி கலங்கலா இருக்கு, ரெண்டையும் போடுன்னு. போட்டேன்."

"யார் பேசினது?"

"ஆம்பளைக் குரல். ஆபீஸ்னு சொன்னா ஆபீஸ்தானே? நான் திருப்பி ஜாதகமா கேட்க முடியும்?"

"ரெண்டு மோட்டார் ஓடினா தண்ணி இப்படிச் சுத்துமா?"

"சுத்தாதே. தண்ணி திரும்பி வர்ற வாய் எல்லாம் கீழே பார்த்து இருக்கும். யாராவது முங்கிப் போய்ப் பக்கவாட்டுல திருப்பி வெச்சாத்தான் உண்டு." பாஸ் பார்த்த பார்வையில் அவர் அவசரமாகக் கையைத் தூக்கினார். "என்னைப் பார்க்காதீங்கம்மா. எனக்கு நீச்சலே தெரியாது."

படியேறும்போது ரேடியோ குரலைத் தாழ்த்தினான். "பாஸ், ஒண்ணு சொன்னா அடிக்க மாட்டீங்களே? எட்டாவது லேன்ல லாபம் அடைஞ்சது யாரு? நம்ம கட்சிக்காரிதான். ஊசி போடலை, சரி. வாயைத் திருப்பினது அவங்களா இருந்தா?"

பாஸ் ஒரு படியில் நின்றுவிட்டாள். அதுவரை நிற்காதவள் நின்றதும் ரேடியோவும் நின்றான். அந்த அக்கா பிழிந்துகொண்டிருந்த துண்டு அவன் கண்ணுக்குள் வந்தது.

"யாருக்கு எந்த லேன்னு யாருக்குத் தெரியும்?" என்று கேட்டாள் பாஸ் கடைசியில்.

அது மைக்காரருக்குத் தெரிந்திருந்தது. போட்டி அறிவிப்பெல்லாம் அவர்தான். மேஜையில் கால் நீட்டி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

"பேர் குடுக்கும்போது எழுதித் தர்ற நேரத்தை வெச்சுதான் லேன். வேகமானவங்களுக்கு நடு லேன், போகப் போக ரெண்டு ஓரத்துக்கும் தள்ளிடுவாங்க. ஒண்ணாவது லேன் கடைசிக்கு முந்தினது, எட்டாவது லேன்தான் கடைசி. காலையில ஒருத்தி காது வலின்னு விலகிட்டா. அவளுக்குக் கீழ இருந்தவங்க எல்லாம் ஒரு படி ஏறினாங்க. காத்திருப்புல இருந்த உங்க பொண்ணுக்கு எட்டாவது கிடைச்சுது. கடைசி நிமிஷத்துல மாத்தி வாசிச்சு நாக்கு சுளுக்கிடுச்சு எனக்கு."

"அதுக்கு முன்னாடி எட்டாவது லேன் யாருக்கு இருந்துது?"

"அதான் வேடிக்கை. சுறாவுக்கு. தோள் வலின்னு அவ அப்பா ரொம்ப மெதுவான நேரமாக் குடுத்திருந்தாரு. சாம்பியனை ஓரத்துல போட்டுட்டாங்களேன்னு எல்லாரும் சிரிச்சாங்க. ஒரு படி ஏறினதுல அவளுக்கு ஒண்ணாவது லேன் வந்துடுச்சு. அதுவும் ஓரம்தான், மறு ஓரம்."

ரேடியோவின் வாய் திறந்தது. மைக்காரர் அதில் ஒரு ஆரஞ்சுச் சுளையை வைத்தார்.

பாஸ் நேராக நடுவரிடம் போயிருக்கலாம். போகவில்லை. உடை மாற்றும் அறை பெஞ்சுக்கு வந்தாள். அக்காவையும் தங்கையையும் உட்காரச் சொன்னாள். தங்கை உட்காரவில்லை.

"நீ ஊசி போடலைன்னு என்னால நிரூபிக்க முடியும். இன்னிக்கே. ஆனா அதைச் சொன்னா சாதனை போயிடும். உன்னைத் தள்ளினது தண்ணி."

அக்கா புரியாமல் பார்த்தாள். புரிந்தபோது அவள் கை துண்டில் அப்படியே நின்றது. "சொல்லாம இருந்தா?"

"சோதனையில ஒண்ணும் இருக்காது. சில வாரத்துல பேரு சுத்தமாயிடும். சாதனை அப்படியே நிக்கும், மாநில அணியில இடமும் கிடைக்கும். இன்னிக்குச் சாயந்தரம் மட்டும் நீந்த முடியாது."

"அப்போ பேசாம இருந்துடலாமே" என்றாள் அக்கா. சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தாள். "இவ எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கா தெரியுமா? விடிகாலையில எழுந்து..."

"அக்கா." தங்கை தோளைச் சுழற்றுவதை நிறுத்தினாள். "காலையில சுலபமா இருந்துதுன்னு சொன்னேனே. எனக்கு எப்பவும் சுலபமா இருந்ததே இல்லை. அந்த நேரம் என்னோடது இல்லைன்னா, என்னோடது எவ்வளவு? எனக்குத் தெரிய வேண்டாமா?"

"தெரிஞ்சு என்னடி பண்ணப் போற?"

"தெரியலை. ஆனா இன்னிக்கே தெரியணும்."

அக்கா துண்டை மடித்து அவள் தோளில் போட்டாள். "சொல்லிடுங்க" என்றாள் பாஸிடம்.

நடுவரம்மாவின் அறை சின்னது. அத்தனை பேருக்கு நாற்காலி இல்லை. சுறா கதவில் சாய்ந்து நின்றாள், விசில் சார் ஜன்னலோரம். பாஸ் செருப்புக் கதையைச் சொல்லி முடித்ததும் நடுவரம்மா யாரிடமும் பேசாமல் வெளியே போய், ஒன்றாவது லேனில் ஒரு பேனாவையும் எட்டாவது லேனில் இன்னொரு பேனாவையும் போட்டுப் பார்த்துவிட்டு, முகம் சிவந்து திரும்பி வந்தார்.

"யார் செஞ்சது?"

"அதை இவங்களையே கேளுங்க!" விசில் சார் அக்காவைக் காட்டிச் சீறினார். "லாபம் யாருக்கோ அவங்கதான்!"

"சார்" என்றாள் பாஸ். "உங்க விசிலை ஒரு தடவை ஊதுங்க."

"எதுக்கு?"

"சும்மா."

ஊதினார். கேவல்தான் வந்தது.

"அதுக்குள்ள ஒரு தக்கை உருண்டை இருக்கு. அது குதிச்சாத்தான் சத்தம். ஊறிப்போனா குதிக்காது. தண்ணியில இறங்கிப் பதினஞ்சு வருஷமாச்சுன்னீங்க. விசில் மட்டும் தனியா போய் முங்கிட்டு வந்துதா?"

"பையில பாட்டில் சாய்ஞ்சு கொட்டிடுச்சு! இதெல்லாம் ஒரு சாட்சியா?" அவர் நடுவரைப் பார்த்துச் சிரித்தார். நடுவரம்மா சிரிக்கவில்லை, ஆனால் தலையாட்டவும் இல்லை. ஊறின தக்கையை வைத்து யாரையும் தண்டிக்க முடியாது என்பது ரேடியோவுக்கே தெரிந்தது.

"அப்பா."

கதவில் சாய்ந்திருந்த சுறா நிமிர்ந்து நின்றாள்.

"விடியறதுக்கு முன்னாடி வீட்டுக்கு வந்தீங்க, தலையெல்லாம் ஈரம். மழைன்னீங்க. வெளியில தரை காய்ஞ்சிருந்துது. நான் கேட்கலை." அவள் குரல் உயரவே இல்லை. "எனக்குத் தோள் வலியே கிடையாதே அப்பா. ஏன் அப்படிச் சொன்னீங்க?"

அவர் விசிலைக் கையால் பொத்திக்கொண்டார்.

"இந்த வருஷம் முழுக்க நீ மெதுவாகிட்டே வந்தே" என்றார். "சாதனை நேரம் வந்தா நேரா அணியில எடுத்துக்குவாங்க. அதுக்கப்புறம் எல்லாத்தையும் பழையபடி திருப்பி வெச்சிருப்பேன். ஒரே ஒரு தடவைதான்... உன்னால முடியாம போயிடுமோன்னு..."

"முடியாதுன்னே முடிவு பண்ணிட்டீங்களா?"

பக்கத்தில் நின்றிருந்த அக்காவை அவர் ஒரு தடவை பார்த்தார். மன்னிப்புக் கேட்கவில்லை. நடுவரம்மா அவரை அரங்கத்தை விட்டு வெளியே போகச் சொன்னார்.

மோட்டார்கள் நின்றன. ஒருவர் முங்கிப் போய் வாய்களைத் திருப்பி வைத்துவிட்டு வந்தார். காலைச் சுற்று செல்லாது, எட்டுப் பேரும் நேராக இறுதிப்போட்டியில் நீந்துவார்கள், முதல் இரண்டு பேருக்கு அணியில் இடம் என்று மைக்காரர் வாசித்தார், நாக்கு சுளுக்காமல்.

ரேடியோ வெறுங்காலோடு படியில் உட்கார்ந்திருந்தான். அவனுக்குப் பக்கத்தில் அக்கா. துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் அவள் அவன் முழங்கையைப் பிடித்தாள், பந்தயம் முடியும்வரை விடவில்லை. எட்டாவது லேனில் தண்ணீர் இந்தத் தடவை யாருக்கும் உதவவில்லை. தங்கை ஒவ்வொரு கையையும் பாறையைப் பிளப்பதுபோலப் போட்டுப் போனாள். பாதி தூரத்தில் ஐந்தாவதாக இருந்தாள். பிறகு நான்காவது. கடைசியில் நுரையைத் தவிர எதுவும் தெரியவில்லை.

நேரம் காட்டும் பலகையில் எண்கள் விழுந்தன. சுறா முதலில். தங்கை மூன்றாவது.

அக்காவின் பிடி தளர்ந்தது. "ஒரு விரக்கடை" என்றாள். "ரெண்டாவதுக்கு ஒரு விரக்கடைதாங்க."

தண்ணீரில் தங்கை மிதவைக் கயிற்றைக் கட்டிக்கொண்டு பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்கியது. அழப் போகிறாள் என்று ரேடியோ நினைத்தான். அவள் திரும்பி அக்காவைத் தேடினாள், கண்டுபிடித்தாள், கத்தினாள்: "அக்கா! இது நான்! போன மாசத்தைவிட நல்லா வந்திருக்கேன், பார்த்தியா?"

"பார்த்தேன்டி, மேல வா, சளி பிடிக்கப் போகுது!" என்று அக்கா அழுதுகொண்டே கத்தினாள்.

சுறா கயிறுகளுக்கு அடியில் முங்கி, ஒவ்வொரு லேனாகக் கடந்து எட்டாவதுக்கு வந்தாள். இரண்டு பேரும் ஏதோ பேசினார்கள். படியில் இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை.

பின்பக்கக் கதவு வழியாகப் பாஸும் ரேடியோவும் வெளியே வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. தன் காருக்குப் பக்கத்தில் விசில் சார் நின்றிருந்தார். உள்ளே எழுந்த ஆரவாரம் அவருக்குக் கேட்டிருக்கும். பலகை தெரிந்திருக்காது.

"யாரு?" என்று கேட்டார்.

ரேடியோ சொல்ல வாயைத் திறந்தான். பாஸ் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "உங்க பொண்ணு வருவா. அவளையே கேளுங்க."

தெருமுனைக்குப் போய்த் திரும்பிப் பார்த்தார்கள். சுறா வந்துவிட்டிருந்தாள். தலை துவட்டவில்லை, முதுகில் பை. அப்பா அவளிடம் எதையோ கேட்டார். அவள் கையை நீட்டினாள், அவள் குரல் மட்டும் தெருமுனை வரை கேட்டது.

"சாவியைக் குடுங்கப்பா. இன்னிக்கு நான் ஓட்டறேன்."

அவர் சாவியைக் கொடுத்துவிட்டு, காரைச் சுற்றிப் போய் மறுபக்கக் கதவைத் திறந்தார்.